ஆர்தர்ஸ் சீட்: ஏறியது நடந்து, இறங்கியது உட்கார்ந்து

முதலில் டாக்ஸி விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் வயிற்றெரிச்சல் அடங்காது. ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரத்துக்குள்ளேயே இருக்கும் மலை ஆர்தர்ஸ் சீட். வேவர்லி ரயில் நிலையத்திலிருந்து மலையடிவாரத்து ஹோலிரூட் அரண்மனைக்கு நடந்தால் இருபது நிமிடம். டிசம்பர் கடைசி வாரம், மணி பன்னிரண்டரை. மூன்றே முக்காலுக்குள் சூரியன் போய்விடும் என்ற அவசரத்தில் டாக்ஸியில் ஏறினேன். ஏதோ ரோடு வேலையாம், ஊரையே ஒரு சுற்றுச் சுற்றி 14 பவுண்ட் வாங்கிக்கொண்டார். நேரமும் மிச்சமாகவில்லை. என் கணக்கில் அது இரண்டு வேளைச் சாப்பாடு. ஆகவே அன்று மதியம் இரண்டு வாழைப்பழமும் பிளாஸ்க் டீயும்தான்.

நல்லவேளை, மலைக்குக் கட்டணம் கிடையாது. உயரம் 251 மீட்டர். நம் திருச்சி மலைக்கோட்டைப் பாறை 83 மீட்டர். அதை மூன்று முறை அடுக்கினால் முடிந்தது, இதற்கா பயப்படுவது என்று சாதாரண ஷூவோடு கிளம்பினேன். முட்டாள்தனம்.

செயின்ட் மார்கரெட்ஸ் குளத்தில் அன்னங்கள் இருந்தன. மேலே இடிந்த செயின்ட் ஆண்டனி சேப்பல். அதுவரை சுகமான நடை. அப்புறம்தான் ஆரம்பித்தது. டிசம்பரில் இங்கே சூரியன் தெற்கே, அடிவானத்தை ஒட்டியே நகர்கிறது. நான் ஏறியதோ வடக்குப் பக்கம். நடுப்பகலிலும் வெயில் படவில்லை, முந்தைய இரவின் பனி அப்படியே உறைந்து கிடந்தது. உச்சிக்குக் கொஞ்சம் கீழே வரும் பாறைகளைப் பார்த்தால் ஈரம்போலத்தான் தெரியும். கை வைத்தால் கண்ணாடி. இத்தனை வருடம் ஆட்கள் மிதித்து வழவழப்பாக்கிய எரிமலைப் பாறை, அதன்மேல் மெல்லிய ஐஸ்.

ஆமாம், இது எரிமலை. வெடித்து ஓய்ந்து சுமார் 34 கோடி வருடமாகிறது. பக்கத்து சாலிஸ்பரி பாறைச்சரிவில்தான், உருகிய பாறைக்குழம்பு பழைய படிவப் பாறைக்குள் புகுந்த தடத்தை 18-ம் நூற்றாண்டில் ஜேம்ஸ் ஹட்டன் கண்டுகொண்டார். நவீன நிலவியலுக்கு அடிபோட்டவர் அவர். எனக்கு அன்று நிலவியல் எல்லாம் முழங்கால் வழியாகத்தான் ஏறியது. இரண்டு முறை விழுந்தேன்.

நாயோடு இறங்கிவந்த பெரியவர் ஒருவர் நின்று, "கல்லை விடுங்கள், ஓரத்துப் புல்லில் கால் வையுங்கள்" என்றார். உறைந்த புல் நறநறவென்று நொறுங்கியது, ஆனால் வழுக்கவில்லை. அவர் வாழ்க!

உச்சியில் நின்றபோது டாக்ஸிக்காரரைக்கூட மன்னித்துவிட்டேன், பத்து நிமிடத்துக்கு. மேற்கே கோட்டை, வடக்கே ஃபோர்த் கழிமுகம் ஈயத்தகடுபோல, தெற்கே பென்ட்லண்ட் குன்றுகளின் தலையில் வெள்ளை. கீழே நகரத்தில் இரண்டரை மணிக்கே விளக்கு ஏற்றத் தொடங்கியிருந்தார்கள். போனை எடுத்தேன். 40 சதவீதம் சார்ஜ் இருந்தது. குளிரில் ஒரே ஒரு படத்தோடு அணைந்துவிட்டது. அதிலும் பாதி என் கையுறை.

இறங்கும்போது கௌரவம் பார்க்கவில்லை. பாறைப் பகுதி முழுக்க உட்கார்ந்து நகர்ந்தேன். தனியாகப் போனதில் ஒரு லாபம், படம் எடுக்க யாரும் இல்லை. குளிர்காலத்தில் போகிறவர்கள் கிழக்கே டன்சாப்பி குளத்துப் பக்கமாக ஏறுங்கள். புல் சரிவு, ஏற்றமும் குறைவு. இதை நான் கீழே வந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

மறுநாள் ஸ்காட்லாந்து தேசிய அருங்காட்சியகம் போனேன். அனுமதி இலவசம். 1836-ல் முயல் வேட்டைக்குப் போன சிறுவர்கள் இதே மலையின் பாறையிடுக்கில் 17 குட்டிச் சவப்பெட்டிகளைக் கண்டெடுத்தார்கள். ஒவ்வொன்றிலும் துணி உடுத்திய மரப்பொம்மை. யார் வைத்தார்கள், எதற்கு என்று இன்றுவரை யாருக்கும் விளங்கவில்லை. மிஞ்சிய எட்டு அங்கே இருக்கின்றன, விரல் நீளம்தான் ஒவ்வொன்றும். கண்ணாடியில் மூக்கு ஒட்ட நின்று பார்த்தேன். அங்கே போனது நடந்துதான்.