என்.ஓ.சி. கேட்ட சங்கமும் ஒரு கொள்கைக் குறிப்பும்

மருந்து மொத்த வியாபாரத்துக்கான 20பி, 21பி லைசென்ஸ் கைக்கு வந்த வாரமே ஒரு கம்பெனியிடம் ஸ்டாக்கிஸ்ட் (கம்பெனி சரக்கை வாங்கிக் கடைகளுக்கு விற்கும் மொத்த விநியோகஸ்தர்) ஆகக் கேட்டுப் போனேன். "சங்கத்துல என்.ஓ.சி. வாங்கிட்டு வந்துடுங்க சார்" என்றார் ஏரியா மேனேஜர். மருந்து வணிகர் சங்கம் தரும் 'ஆட்சேபணை இல்லை' சான்றுதான் என்.ஓ.சி. சங்கத்தில், ஏற்கெனவே ரெண்டு பேர் இருக்காங்களே, மூணாவது எதுக்கு என்றார்கள். லைசென்ஸ் கொடுத்த அரசே கேட்காத கேள்வி!

ஆடிட்டர் நண்பர்தான், வியாபாரப் போட்டியை யாரும் கெடுக்காமல் பார்க்கும் இந்தியப் போட்டி ஆணையத்தைச் சொன்னார். பெரிய கம்பெனிகளுக்கு அபராதம் போடும் டெல்லி ஆபீஸ் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். தனி ஆளாக 5,000 ரூபாய் கட்டி யாரும் மனு போடலாமாம். சரி என்று நாலு பக்கம் எழுதினேன்: குடோன் வாடகை, வட்டி, பட்ட அவமானம். நண்பர் மூன்று பக்கத்தை அடித்துவிட்டார். போட்டிச் சட்டத்தில் இதற்குப் பெயர் புகார் இல்லை, 'தகவல்'. என் நஷ்டத்துக்கு ஆணையம் ஈடு வாங்கித் தராது. சந்தையில் போட்டி கெடுகிறதா என்றுதான் பார்க்கும். முகாந்திரம் தெரிந்தால் ஆணையத்தின் விசாரணைப் பிரிவுத் தலைமை இயக்குநர் விசாரிப்பார். ஆக, மாவட்டத்தில் எத்தனை ஸ்டாக்கிஸ்ட், என்.ஓ.சி. இல்லாமல் யாருக்காவது சரக்கு போயிருக்கிறதா என்று தேடி அலைந்ததில் ஒன்றரை மாதம் போனது.

அந்தத் தேடலில்தான் 2018 அக்டோபரில் ஆணையம் வெளியிட்ட கொள்கைக் குறிப்பு கிடைத்தது. மருந்து விநியோகம் வணிகர் சங்கங்களின் பிடியில் இருப்பதால் போட்டி மங்கி, இடைத்தரகு லாபம் கூடுகிறது என்று ஆணையமே எழுதியிருந்தது. வழக்கு விசாரிப்பதோடு, கொள்கை பற்றி மத்திய, மாநில அரசுகள் கேட்டால் 60 நாளுக்குள் கருத்துச் சொல்வதும் போட்டிச் சட்டத்தின் 49ஆம் பிரிவின்படி அதன் வேலை. ஆனால் அந்தக் கருத்துக்கு அரசு கட்டுப்பட வேண்டியதில்லை. அப்புறம் எதற்கு இந்தக் காகிதம் என்று எரிச்சல்தான் வந்தது.

இருந்தாலும் மனு போடும் முன் கம்பெனியின் சட்டப் பிரிவுக்கு ஒரு கடிதம் போட்டேன். அந்தக் குறிப்பின் பக்கத்தையும், என்.ஓ.சி. கட்டாயப்படுத்திய சங்கங்களுக்கு எதிரான ஆணையத்தின் பழைய உத்தரவுகள் இரண்டையும் கூடவே வைத்தேன். பதில் வரவில்லை. பதினெட்டாம் நாள் ஏரியா மேனேஜர் போன் செய்தார்: "ஃபர்ஸ்ட் ஆர்டர் எவ்வளவு போடலாம் சார்?"

சங்கக் கூட்டத்துக்கு இன்றுவரை அழைப்பில்லை. போட்டிச் சட்டத்தின் 2023 திருத்தப்படி தகவல் கொடுக்க 3 ஆண்டு கெடு உண்டு என்பதால், அந்த மனுவை இன்னும் கிழிக்காமல் மேசை டிராயரில் வைத்திருக்கிறேன்.