கோன் கேனில் ஒரு டிராம் கனவு

தாய்லாந்தின் வடகிழக்கில் இருக்கும் கோன் கேனில் ஊர் சுற்ற சாங்தியோதான். பிக்கப் வண்டியின் பின்னால் எதிரெதிரே ரெண்டு பெஞ்சு, மேலே ஒரு கூரை. இறங்கணும்னா பொத்தானை அழுத்தணும், காசை இறங்கின பிறகு ஓட்டுநரிடம் கொடுக்கணும். எனக்கு முதல் நாள் பொத்தான் எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை. பக்கத்தில் இருந்த பாட்டி தலைக்கு மேலே கையைக் காட்டிச் சிரித்தார்.

அந்த ஊர்க்காரர்கள் தலைநகர் பாங்காக்கில் இருக்கும் அரசை எதிர்பார்த்து உட்காரவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். 2015-இல் உள்ளூர் வியாபாரிகள் கூடி ஊர் வளர்ச்சிக்கென்றே ஒரு கம்பெனி ஆரம்பித்தார்கள். 2017-இல் அக்கம்பக்கத்து 5 நகராட்சிகள் சேர்ந்து தங்களுக்குச் சொந்தமான போக்குவரத்துக் கம்பெனி தொடங்கின. வடக்கே சாம்ரானிலிருந்து தெற்கே தா ஃப்ரா வரை, மித்ரபாப் சாலையை ஒட்டி, சுமார் 26 கிலோமீட்டருக்கு டிராம் ஓட்டத் திட்டம். (மித்ரபாப் என்றால் நட்பு. நம்ம ‘மித்திரன்’ அங்கேயும் போயிருக்கிறான்!)

ஸ்டேஷன்களைச் சுற்றியுள்ள நிலத்தை மேம்படுத்தி, அந்த வருமானத்தையும் டிராமுக்குத் திருப்புவது என்பது கணக்கு. டிக்கெட் காசை மட்டும் நம்பினால் எந்த ஊர் ரயிலும் நொண்டும், அதனால் புத்திசாலித்தனமான கணக்குதான். ஆனால் நிலம், அனுமதி என்று ஒவ்வொன்றுக்கும் கடைசியில் பாங்காக் கதவைத்தான் தட்ட வேண்டியிருந்தது. வருஷங்கள் ஓடிவிட்டன.

நான் போனபோது மித்ரபாப் சாலையில் கார் வெள்ளம். சாங்தியோ அதற்குள் புகுந்து புகுந்து போனது. இந்த முறை பொத்தானைச் சரியாக அழுத்திவிட்டேன், ஆனால் ஒரு நிறுத்தம் முன்னாலேயே.