கடைகளுக்கு மேலே ஒரு பள்ளிவாசல்

இஸ்தான்புல்லின் எமினோனு பகுதியில், மசாலா அங்காடியை ஒட்டிப் போகிறது ஹசர்ஜிலார் தெரு. பாய் முடைவோர் தெரு என்று பொருள். இப்போது காப்பிக்கொட்டை வறுக்கும் வாசனைதான் மூக்கைத் துளைக்கிறது. ருஸ்தம் பாஷா பள்ளிவாசல் இங்கேதான் இருக்க வேண்டும், ஆனால் வாசலையே காணோம். உலர்பழக் கடைக்காரர் ஒருவரிடம் கேட்டேன். பேசாமல் மேலே கையைக் காட்டினார். கடைகளின் தலைக்கு மேல்தான் பள்ளிவாசல்!

குறுகலான இருட்டுப் படிக்கட்டில் ஏறினால், வெளிச்சமான முற்றம். கீழே இருந்த சந்தடி சட்டென்று அடங்கிவிடுகிறது. உஸ்மானிய சுல்தான் சுலைமானின் மருமகனும் தலைமை அமைச்சருமான ருஸ்தம் பாஷாவின் பெயரில், கட்டடக் கலைஞர் மிமார் சினான் 1560களின் தொடக்கத்தில் கட்டியது இது. பாஷா 1561இலேயே காலமாகிவிட்டார். இடமோ தாழ்வான, நெரிசலான கடைத்தெரு. அதனால் கீழே வளைவுக் கூரை போட்ட கடைகளையும் கிடங்குகளையும் கட்டி, அவற்றின் மேல் பள்ளிவாசலை ஏற்றி வைத்தார் சினான். அந்தக் கடைகளின் வாடகையில்தான் பள்ளிவாசலின் செலவு நடந்தது. அறப்பணிக்கென்று எழுதிவைக்கும் வக்ஃப் சொத்து என்பதை இவ்வளவு கண்கூடாக நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

உள்ளே, எட்டுத் தாங்கிகள் மேல் குவிமாடம். இதே எண்கோண அமைப்பைத்தான் சில ஆண்டுகளுக்குப் பின் எதிர்னே நகரின் செலிமிய்யே பள்ளிவாசலில், சுமார் 31 மீட்டர் விட்டமுள்ள குவிமாடத்துக்குப் பயன்படுத்தினார்.

ஆனால் இங்கே கண் குவிமாடத்துக்குப் போவதே இல்லை. சுவர், தூண், தொழுகைத் திசை காட்டும் மாடமான மிஹ்ராப் எங்கும், இஸ்னிக் ஊரில் செய்த வண்ணப் பீங்கான் ஓடுகள். வெள்ளைப் பின்னணியில் நீலம், பச்சைநீலம், நடுவே தக்காளிச் சிவப்பில் துலிப் பூக்கள். அந்தச் சிவப்பைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள்; மற்ற நிறங்களைவிடக் கொஞ்சம் புடைத்திருக்கும். இரும்புச் சத்துள்ள களிமண்ணைத் தடிமனாகப் பூசி, மேலே கண்ணாடிப் பூச்சிட்டுச் சுட்டது. பதினாறாம் நூற்றாண்டின் பிற்பாதியில் மட்டும்தான் இஸ்னிக் கைவினைஞர்களுக்கு இவ்வளவு துல்லியமாகக் கைகூடியது, அப்புறம் பழுப்படித்துவிட்டது. ஓடுகள் அளவுக்கு மீறிப் போய்க் கட்டடத்தை மறைக்கின்றன என்று சொல்பவர்கள் உண்டு. ஒரு தூணருகே அரை மணி நேரம் உட்கார்ந்திருந்த எனக்கு அப்படித் தோன்றவில்லை.

பிற்பகல் தொழுகைக்கான அசர் பாங்கு கேட்டதும் முற்றத்துக்கு வந்துவிட்டேன். கடைக்காரர்கள் ஒவ்வொருவராகப் படியேறி வந்தார்கள். அந்த உலர்பழக் கடைக்காரரும் வந்தார், இடுப்புத் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே.