லூபஸ் வந்தபின் வெயிலையும் கிரீன் டீயையும் பற்றித் தெரிந்துகொண்டது

கன்னம் சிவந்து தடித்தபோது அலர்ஜி என்று க்ரீம் கொடுத்தார்கள். காலையில் விரல் மடங்கவில்லை என்றதற்குச் சத்துக்குறைவு என்றார்கள். இப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் போனது. அப்புறம்தான் ஒரு ருமட்டாலஜிஸ்ட்டிடம், அதாவது மூட்டு, எதிர்ப்பு சக்தி நோய்களைப் பார்க்கும் டாக்டரிடம், போய்ச் சேர்ந்தேன். அவர் என் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தார். இரண்டு கன்னமும் மூக்குத்தண்டும் சிவந்திருக்க, மூக்கோரத்திலிருந்து வாய்க்கு இறங்கும் மடிப்பு மட்டும் வெளுப்பாகவே இருந்தது. “இந்த மடிப்பை விட்டுட்டு வந்திருக்கு பாரும்மா, லூபஸா இருக்கலாம்” என்று ஏ.என்.ஏ., சி3, சி4 என்ற ரத்தப் பரிசோதனைகள், சிறுநீரில் புரதம் என வரிசையாக எழுதிக் கொடுத்தார். லூபஸ்தான், நம் எதிர்ப்பு சக்தியே நம் உடம்பைத் தாக்கும் நோய். நல்லவேளையாகச் சிறுநீரகத்தைத் தொடவில்லை.

மாத்திரை எழுதும் முன் அவர் கேட்ட கேள்விகள் எனக்குப் புதிது. வீட்டில் யாராவது சிகரெட் பிடிக்கிறார்களா? கல் அறுக்கும் பட்டறை பக்கத்தில் இருக்கிறதா? கருத்தடை மாத்திரை, சல்ஃபா மருந்து எடுத்ததுண்டா? உடம்பில் பிறவியிலேயே ஒரு வாய்ப்பு இருந்தாலும், நோயைக் கிளப்பிவிடுவது பெரும்பாலும் வெளியிலிருந்து வருவதுதானாம். கல் அறுக்கும்போது பறக்கும் சிலிக்கா தூசி, புகை, சில வைரஸ்கள் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு.

என் விஷயத்தில் அது வெயில். புற ஊதாக் கதிர் பட்டுத் தோல் செல்கள் சாகும்போது, உட்கருவில் இருக்க வேண்டிய பொருட்கள் வெளியே வந்துவிடுகின்றன. அவற்றை எதிரி என்று நினைத்து நம் எதிர்ப்பு சக்தியே தாக்குகிறது. தினசரி காலண்டர் தாளின் ஓரத்தில் வெயிலில் போனதையும் உடம்பு படுத்தியதையும் குறித்துவந்தேன். மதியம் வண்டியில் போய்வந்தால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. சில நாள் கழித்துத்தான் தடிப்பும் அசதியும் சேர்ந்து வரும். இப்போது முழுக்கை, குடை, எஸ்.பி.எஃப். 50 சன்ஸ்க்ரீன். வெயிலைத் தவிர்ப்பதால் விட்டமின் டி மாத்திரையும் உண்டு.

இந்த நேரத்தில் நாத்தனார் கிரீன் டீ கேப்ஸ்யூல் டப்பா ஒன்றை அனுப்பிவைத்தார். அதைக் கையோடு டாக்டரிடம் கொண்டுபோனேன். அவர் அதை ஒதுக்கித் தள்ளவில்லை, எனக்கு அது பெரிய ஆறுதல். கிரீன் டீயில் இருக்கும் இ.ஜி.சி.ஜி. என்ற பொருள், ஆய்வகத்தில் தோல் செல்களைப் புற ஊதாக் கதிரிலிருந்து ஓரளவு காப்பாற்றுகிறது. ஈரானில் லூபஸ் நோயாளிகளுக்கு மூன்று மாதம் கிரீன் டீ சாறு கொடுத்துப் பார்த்ததில் நோயின் வேகம் குறைந்ததாக 2017-இல் ஒரு ஆய்வு வந்தது. ஆனால் அது சின்ன ஆய்வு. அதை நம்பி மாத்திரையை விடுவது ஆபத்து.

கேப்ஸ்யூல் வேண்டாம் என்று உறுதியாகச் சொன்னார். இ.ஜி.சி.ஜி. ஒரு நாளைக்கு 800 மில்லிகிராமையோ அதற்கு மேலோ எட்டினால் கல்லீரல் பாதிக்கப்படலாம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் எச்சரித்திருக்கிறது. இலையைக் கொதிநீரில் போட்டு வடிகட்டி ஓரிரு கப் குடிப்பதில் அந்தப் பயம் இல்லை. எனக்கு ரத்தசோகையும் இருப்பதால் சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்கக்கூடாது, இரும்புச்சத்து உடம்பில் ஒட்டாது. அதனால் சாயங்காலம் நாலு மணிக்குத்தான் குடிக்கிறேன். லூபஸுக்கு டாக்டர் எழுதிய ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மாத்திரை ஒரு நாளும் தவறுவதில்லை. அது கண்ணைப் பாதிக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனையும் அப்படித்தான்.