செம்பருத்தி வேலிக்குள் பாக்குவெட்டிச் சத்தம்

"டக்."

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மறுபடி "டக்." நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி வெடுக்கென்று எடுத்தால் வருமே, அந்த மாதிரி ஒற்றைத் தட்டு.

2023 விநாயகர் சதுர்த்தி முடிந்த வாரத்தில்தான் இது முதலில் என் காதில் விழுந்தது. பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் கிணற்றடியிலிருந்து காம்பவுண்டுச் சுவர் வரை ஆள் உயரத்துக்குச் செம்பருத்தி வேலி. இடையில் இரண்டு மருதாணி, மூலையில் ஒரு முருங்கை, சுவருக்கு அந்தப்பக்கம் பெரிய வேம்பு. சத்தம் வேலிக்குள்ளிருந்து வந்தது. விடிவதற்குக் கால்மணி முன்னால் ஆரம்பித்து, பகலில் விட்டு விட்டு, விளக்கு வைக்கும் நேரத்தில் மறுபடி மும்முரமாகிவிடும். வேலியை விலக்கிப் பார்த்தால் இலைதான் இருக்கும்.

அம்மா அதைப் பல்லி என்றே நினைத்திருந்தாள். ஏதாவது பேசிக்கொண்டிருக்கும்போது "டக்" கேட்டால், "பாத்தியா, பல்லி சொல்லுது" என்று விரலால் தரையை மூன்று தரம் தட்டுவாள். எதிர்வீட்டு ஆச்சிக்கு வேறு கணக்கு. "பல்லியாவது! பாக்குவெட்டியில கொட்டப்பாக்கு வெட்டுத மாதிரில்லா இருக்கு. மழைக்கு முன்ன வரும், சித்திர வெயிலுக்கு இருக்காது" என்றாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் பாக்குவெட்டி. ஆச்சி சொன்ன இரண்டாவது வாக்கியத்தை நான் அப்போது சரியாகக் கவனிக்கவில்லை. பின்னால் வேலையை முடித்துக்கொடுத்தது அந்த வாக்கியம்தான்.

அக்டோபர் 2, திங்கட்கிழமை, ஒரு நாற்பது பக்க நோட்டுப் போட்டேன். தேதி, நேரம், எந்தச் செடி, நிமிடத்துக்கு எத்தனை தட்டு. சத்தம் கேட்காத வேளையையும் எழுதுவது என்று முதல் பக்கத்திலேயே முடிவு செய்துகொண்டேன். கேட்காததை எழுதி என்ன ஆகப்போகிறது என்று வீட்டில் கேட்டார்கள். எனக்கும் அப்போது பதில் தெரியாது.

முதலில் கழித்துக்கட்டும் வேலை. பல்லி ஒரே மூச்சில் ஐந்தாறு தட்டுத் தட்டிவிட்டு அடங்கும், பெரும்பாலும் இருட்டிய பிறகு, சுவரிலிருந்து. பாக்குவெட்டி நேர் எதிர்: ஒவ்வொன்றாகத் தட்டும், இருட்டியதும் வாயை மூடிவிடும். அணில் கத்தினால் வாலும் சேர்ந்து துடிக்கும், மறைந்துகொள்ளாது. தையல்சிட்டு எங்கள் வேலியிலேயே குடியிருக்கிறது; அந்த உடம்புக்கு அவ்வளவு பெரிய குரலா என்று தோன்றும், ஆனால் அது "டுவீட் டுவீட் டுவீட்" என்று தையல் மிஷின் ஓடுகிற மாதிரி விடாமல் அடிக்கும். சாம்பல் கதிர்க்குருவி பறக்கும்போது மின்பொறி தெறிக்கிற மாதிரி ஒரு சடசடப்பு வரும், அதை வைத்து இரண்டு நாள் குழம்பினேன். ஆனால் அது செடியின் உச்சியில் ஏறி நின்று பாடுகிற பறவை, ஒளிகிற பறவை அல்ல. இந்த நாலும் வருடம் முழுக்க இங்கேயே இருப்பவை என்பதும் ஒரு விஷயம்.

அக்டோபர் நடுவில் நான் சறுக்கினேன். குரல் கேட்டுப் பெயர் சொல்லும் செயலி ஒன்றைக் கைபேசியில் வைத்துக்கொண்டு கிணற்றடியில் நின்றேன். பச்சைக் கதிர்க்குருவி என்று காட்டியது. வடக்கே இமயமலையிலும் அதற்கு அப்பாலும் கூடு கட்டி, குளிர்காலத்துக்குத் தெற்கே வரும் சின்னஞ்சிறு பறவை. பருவம் பொருந்தியது, கண்ணில் படாததும் பொருந்தியது. நோட்டில் சிவப்பு மையில் எழுதி அடிக்கோடும் போட்டுவிட்டேன். மூன்று வாரம் அப்படியே இருந்தேன். பிறகு ஒரு சாயங்காலம் பொறுமையாகக் கேட்டபோதுதான் பிடிபட்டது: செயலி சொன்னது பொய்யில்லை, அது வேறு பறவையைக் கேட்டிருக்கிறது. பச்சைக் கதிர்க்குருவி தலைக்கு மேலே வேம்பில் "டிஸ்-லீ, டிஸ்-லீ" என்று இரண்டு அசையில் கூப்பிடுகிறது. பாக்குவெட்டி கீழே, இடுப்பு உயரத்தில், ஒற்றை அசையில். இரண்டும் ஒரே நேரத்தில். என் காது கீழே இருந்ததைக் கேட்டது, கைபேசி மேலே இருந்ததைக் கேட்டது.

அதற்குப் பிறகு ஒலிப்பதிவை ஒழுங்காகச் செய்யத் தொடங்கினேன். ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட நேரம், குடை எப்படியும் கையில் இருந்தது. அப்பாவின் பழைய கறுப்புக் குடையை விரித்து, அதன் உட்குழிவை வேலிப் பக்கம் திருப்பி, கைபேசியைக் கம்பில் ரப்பர் பாண்டு போட்டுக் கட்டினேன். மைக் குடையின் உட்பக்கத்தைப் பார்த்து இருக்க வேண்டும். வேலியிலிருந்து வரும் ஒலி குடையில் பட்டு மைக்கில் வந்து குவியும். தடித்த ஒலிக்கு இதில் பெரிய லாபமில்லை. "டக்" மாதிரிக் கூர்மையான ஒலிக்கு நன்றாகவே வேலை செய்தது. வேம்புச் சத்தமும் தெருச் சத்தமும் பின்னால் போய்விட்டன. கம்பில் எந்த இடத்தில் கட்டினால் நன்றாகக் கேட்கிறது என்று கண்டுபிடிக்க நாலு நாள் ஆனது. துணியிலிருந்து ஒரு சாண் தூரம் எனக்குச் சரியாக வந்தது.

பதிவைக் கணினியில் ஒலிப்படமாக விரித்தேன். இடமிருந்து வலமாக நேரம், கீழிருந்து மேலாக ஒலியின் கூர்மை. தையல்சிட்டின் குரல் வளைந்த கொக்கி மாதிரி வரிசையாக விழுகிறது. பச்சைக் கதிர்க்குருவியினுடையது மேலும் கீழும் இறங்கி ஏறும் இரட்டைக் கோடு. பாக்குவெட்டியினுடையது பென்சிலால் செங்குத்தாக ஒரு கீறு. அவ்வளவுதான். கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடுகிற தட்டு, கீழ்க்குரலிலிருந்து மேல்குரல் வரை எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தொட்டுவிடுகிறது. வெறும் கீறலை வைத்து என்ன செய்வது என்று உட்கார்ந்திருந்தபோது பக்கத்துத் தெருப் பூனை உதவிக்கு வந்தது. அது வேலிக்கு அடியில் நுழைந்ததும் பாக்குவெட்டி "டக் டக் டக்" என்று வேகமெடுத்து, கடைசியில் "டர்ர்ர்ர்" என்று பல்லைக் கடித்த மாதிரி இழுத்தது. அதுவரை கேட்காத சத்தம். நல்லவேளை, குடை விரித்தபடி இருந்தது.

உலகம் முழுக்கப் பறவை ஆர்வலர்கள் தங்கள் பதிவுகளைச் சேர்த்து வைக்கும் சீனோ-கான்டோவில் இந்த "டக்", "டர்ர்" ஜோடியைத் தேடினேன். குளத்துச் சம்பங்கோரைக்குள் இருக்கும் பெரிய நாணல் கதிர்க்குருவி ஒன்று உண்டு. அதன் தட்டு கனமானது, எங்கள் வீட்டருகே குளமும் இல்லை. உடைமரக் காடுகளில் குளிர்காலம் கழிக்கும் இன்னும் சில கதிர்க்குருவிகளும் ஒற்றைத் தட்டுக்காரர்கள்தான், ஆனால் அவற்றுக்கு வறண்ட முள்மரம் வேண்டும். ஈரமும் நிழலும் உள்ள வீட்டு வேலியில் தாழ இருந்து நாள் முழுக்கத் தட்டுவதும், மிரண்டால் "டர்ர்" என்று இழுப்பதும் ஒன்றுக்குத்தான் முழுக்கப் பொருந்தின. பிளித் நாணல் கதிர்க்குருவி.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. கல்கத்தாவில் ஆசியக் கழகத்தின் அருங்காட்சியகத்தைப் பார்த்துக்கொண்ட எட்வர்ட் பிளித் 1849-இல் இதற்கு அறிவியல் பெயர் வைத்தார். அதில் வரும் 'டுமெட்டோரம்' என்ற சொல்லுக்குப் புதர்களுக்கு உரியது என்று பொருள். நாணலுக்கும் இதற்கும் உறவு குறைவு. அந்த லத்தீன் பெயரும் ஆச்சி வைத்த பெயரும்தான் பறவையைச் சரியாகச் சொல்கின்றன என்பது என் எண்ணம்.

பத்துப் பன்னிரண்டு கிராம் எடை, சிட்டுக்குருவியை விடவும் மெலிந்த உடம்பு, மேலெல்லாம் மங்கிய பழுப்பு, அடியில் அழுக்கு வெள்ளை. பின்லாந்திலிருந்து ரஷ்யா, மத்திய ஆசியா வரை புதர்களில் கூடு கட்டுகிறது. ஐரோப்பாவின் சிறு பூச்சியுண்ணிகள் பலவும் குளிர்காலத்துக்கு ஆப்பிரிக்கா போகும்போது, இது கிழக்கே திரும்பி இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வருகிறது. இதைப் படித்த அன்று அம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் வேலியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்புட்டு தூரமா" என்றாள். அதற்குப் பிறகு தரையைத் தட்டுவதை நிறுத்தவில்லை; இன்னும் அக்கறையாகத் தட்டுகிறாள்.

டிசம்பர் 17, 18. நெல்லை, தூத்துக்குடி, தென்காசிக்காரர்கள் யாரும் மறக்க முடியாத இரண்டு நாள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. தாமிரபரணி ஊருக்குள் வந்தது. எங்கள் தெரு மேடு என்பதால் தண்ணீர் வாசற்படியோடு நின்றது, மின்சாரம் இல்லை. நோட்டில் இரண்டு நாளுக்கும் "கேட்கவில்லை" என்று எழுதியிருக்கிறேன். மழை இரைச்சலில் எனக்குக் கேட்கவில்லையா, பறவையே இல்லையா என்று சொல்ல முடியாது. உறவுக்காரர்கள் என்ன ஆனார்கள் என்றே தெரியாமல் கிடந்த நேரத்தில் ஒரு குருவிக்காகக் கவலைப்பட்டதை இப்போது எழுதத் தயக்கமாக இருக்கிறது, ஆனால் பட்டேன். செடிகள் எல்லாம் மண்ணோடு மண்ணாகச் சாய்ந்துகிடந்தன. 19-ஆம் தேதி காலை ஆறேகாலுக்கு மருதாணிக்குள்ளிருந்து "டக்". அன்றைய பக்கத்தில் எண்ணிக்கை எழுதவில்லை. நின்று கேட்டுக்கொண்டே இருந்துவிட்டேன்.

ஜனவரியில் வந்த இழப்பு நம்முடையது. பொங்கலுக்குக் காம்பவுண்டுச் சுவரை வெள்ளையடிக்க வேண்டுமென்று, நான் ஊரில் இல்லாத நாளில் வேலியில் பாதியை வெட்டிவிட்டார்கள். திரும்பி வந்து பார்த்தால் கிணற்றுப்பக்கம் மொட்டை. ஆறு நாள் "கேட்கவில்லை". ஏழாவது நாள் ஆச்சி தெருவைத் தாண்டி வந்து, "ஒம் பாக்குவெட்டி எங்க வீட்டு நந்தியாவட்டையில இருக்கு" என்றாள். அந்த வருடப் பொங்கல் பறவைக் கணக்கெடுப்புக்கு ஆச்சி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துதான் பட்டியல் போட்டேன். பார்க்காமல் குரல் மட்டும் கேட்ட பறவையையும் அதில் சேர்க்கலாம், கேட்டது என்று குறிப்பெழுதினால் போதும். முதல்முறையாக இந்தப் பெயரை நாலு பேர் பார்க்கும் இடத்தில் எழுதினேன்.

பதிவு செய்த குரலைத் திருப்பிப் போட்டால் வெளியே வருமே என்று ஒரு நண்பர் சொன்னார். வரக்கூடும். வேறொரு பறவை தன் புதருக்குள் நுழைந்துவிட்டது என்று நினைத்துத்தான் வரும். இரை தேட வேண்டிய நேரத்தில் இல்லாத எதிரியைத் தேடவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அதுவுமின்றி, இந்தக் கதிர்க்குருவிக் கூட்டத்தில் கண்ணால் பார்த்தாலும் குழப்பம் தீராது. எல்லாம் ஒரே பழுப்பு. இதற்குக் குரல்தான் அடையாளம். ஆகவே பார்க்காதது குறை என்று நான் இப்போது நினைப்பதில்லை. இத்தனை மாதத்தில் என் கண்ணில் பட்டது, காற்றில்லாத வேளையில் ஆடிய ஒரு செம்பருத்திக் கிளை மட்டும்.

மாசி கடைசியில் வேலி மறுபடி தழைத்தது, பறவையும் கிணற்றுப்பக்கம் திரும்பியது. பங்குனி பாதிக்குமேல், ஏப்ரல் 3 காலை, வேலிக்குள் ஏதோ புதுப்பறவை என்று நினைத்தேன். மெல்லிய குரலில், தனக்குத்தானே பேசுகிற மாதிரி ஒரு பாட்டு. ஒரு துணுக்கை நாலைந்து தரம் சொல்லிப் பார்த்து, அதை விட்டு இன்னொன்று. நடுவில் ஒன்று அப்படியே தையல்சிட்டு. துணுக்குகளுக்கு இடையில் "டக், டக்". அந்தத் தட்டு இல்லையென்றால் அடையாளம் தெரிந்திருக்காது. ஊர் திரும்பும் முன் இவை இப்படி மெதுவாகப் பாடிப் பார்ப்பதுண்டு. மற்றப் பறவைகளின் குரலைக் கோத்துப் பாடுவதில் கெட்டிக்காரப் பறவை. ஆறு மாதத்துக்கு மேல் ஒற்றை எழுத்தையே சொல்லிக்கொண்டிருந்தது இவ்வளவையும் உள்ளே வைத்திருந்திருக்கிறது. பதினேழு நிமிடப் பதிவு கையில் இருக்கிறது. வாரம் ஒருமுறையாவது போட்டுக் கேட்கிறேன்.

ஏப்ரல் 22, மாலை 6.20, நான்கு தட்டு. அதுதான் கடைசி. அதன்பின் மே, ஜூன், ஜூலை, ஆகஸ்ட் பக்கங்கள் முழுக்க "கேட்கவில்லை". தையல்சிட்டு, அணில், பல்லி எல்லாம் வழக்கம்போல இருந்தன. அப்போதுதான் ஆச்சி சொன்னது முழுசாக உறைத்தது. அக்டோபரில் கழித்துக்கட்டிய பெயர்களை எல்லாம் இந்த நாலு மாதக் காலிப் பக்கங்கள் இன்னொரு முறை, சந்தேகத்துக்கு இடமில்லாமல் கழித்துக்கட்டின. வருடம் முழுக்க இருக்கிற எதுவும் பாக்குவெட்டியாக இருக்க முடியாது.

2024 ஆகஸ்ட் கடைசியிலிருந்து காலை ஐந்தரைக்குக் கிணற்றடியில் நாற்காலி. இந்தமுறை வேலியைப் பொங்கல் முடிகிறவரை தொடுவதில்லை என்று வீட்டில் பேசி முடித்திருந்தோம், வெள்ளையடிப்பு முன்பக்கத்தோடு நிற்கும். சதுர்த்தி வந்தது, போனது.

செப்டம்பர் 11, புதன், காலை 5.52. செம்பருத்தி, கிணற்றுப்பக்கம், முழங்கால் உயரம் இருக்கலாம். மூன்று தட்டு, அரை நிமிடம் விட்டு இன்னும் இரண்டு. அம்மா சமையற்கட்டு ஜன்னலில் நின்று மேடையைத் தட்டினாள். போன வருடத்துப் பறவையேதானா என்பதற்கு என்னிடம் ஆதாரம் எதுவும் கிடையாது. நோட்டில் புதுப் பக்கம் திருப்பித் தேதி போட்டேன்.