சாட்சி சொல்கிறவனுக்கு ஒரு ஒழுங்கு உண்டு

யோவான் 9-ஆம் அதிகாரத்தை வாசிக்கும்போது பிறவிக் குருடனின் பெற்றோரை நாம் சட்டென்று கடந்து போய்விடுகிறோம். இயேசு அவனுக்குப் பார்வை கொடுத்ததைப் பற்றி, யூத மதத் தலைவர்களான பரிசேயர் அவர்களை விசாரிக்கிறார்கள். இவன் எங்கள் மகன்தான், குருடனாய்த்தான் பிறந்தான் என்பதுவரை சொல்கிறார்கள். பார்வை எப்படி வந்தது என்று கேட்டதும், அவனுக்கு வயது வந்துவிட்டது, அவனையே கேளுங்கள் என்று நழுவிவிடுகிறார்கள். சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. ஜெப ஆலயத்தைவிட்டுத் தள்ளிவிடுவார்களே என்ற பயம்தான் காரணம் என்று 22-ஆம் வசனம் மறைக்காமல் சொல்கிறது. பொய்யே பேசாமல் சத்தியத்தைக் கைவிடும் வழி இதுதான். சபைகளில் நடக்கும் மௌனம் பெரும்பாலும் இந்த வகை.

மகனைப் பாருங்கள். இயேசு பாவியா இல்லையா என்று வாதத்துக்கு இழுக்கிறார்கள். அவன் அதில் விழவில்லை. "நான் குருடனாயிருந்தேன், இப்பொழுது காண்கிறேன், இது ஒன்றுதான் எனக்குத் தெரியும்." தெரிந்தது எதுவரை என்று முதலில் கோடு கிழிக்கிறான். அதன்பிறகுதான் அதிலிருந்து நியாயம் எடுத்துப் பேசுகிறான். 34-ஆம் வசனத்தில் வெளியே தள்ளப்படுகிறான். பெற்றோர் பயந்தது வீண்பயம் அல்ல. விலை உண்மையிலேயே இருந்தது.

வேதம் நம்மை வைப்பது சாட்சிக் கூண்டில். வக்கீலின் இடமும் நீதிபதியின் இடமும் நமக்குரியவை அல்ல. கண்டதையும் அறிந்ததையும் சொல்லாமல் இருக்கும் சாட்சி தன் அக்கிரமத்தைச் சுமப்பான் என்கிறது லேவியராகமம் 5:1. பொய்ச்சாட்சி சொல்லாதே என்கிறது யாத்திராகமம் 20:16. இரண்டு கட்டளைகளும் ஒரே ஆளுக்குத்தான். துணிச்சல்காரர்கள் முதலாவதை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள், ஜாக்கிரதைக்காரர்கள் இரண்டாவதை மட்டும்.

ஆகவே சபையில் நடந்த ஒரு தவறைப் பற்றி வாய் திறக்கும் முன் ஒரு தாளை எடுத்து மூன்று பத்தியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். நானே கண்டது, கேட்டது. பிறர் சொன்னது (யார், எப்போது). நானாக ஊகித்தது. பொறுப்பில் இருப்பவர்களிடம் போகும்போது முதல் பத்தியை அப்படியே சொல்லுங்கள். இரண்டாவதைச் சொன்னவரின் பெயரோடு, அவர் சம்மதத்தோடு சொல்லுங்கள். மூன்றாவதைச் சொல்லவே வேண்டாம். "காணிக்கைப் பணத்தைத் தின்றுவிட்டார்" என்பது ஊகம். "மூன்று மாதக் கணக்கு சபைக்குமுன் வாசிக்கப்படவில்லை, இரண்டு முறை கேட்டும் ரசீது காட்டவில்லை" என்பது சாட்சி. முதலாவதற்கு அவர் கோபப்பட்டால் போதும், பேச்சு திசைமாறிவிடும். இரண்டாவதற்குக் கணக்கைக் காட்டித்தான் ஆகவேண்டும்.

உண்மை என்பதால் மட்டும் எதையும் எங்கும் சொல்லலாம் என்றும் இல்லை. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2477-ஆம் எண்ணில், பொய்யான அவதூறை மட்டுமல்ல, தக்க காரணமின்றி ஒருவருடைய உண்மையான குற்றத்தை அறியாதவர்களிடம் சொல்வதையும் பாவம் என்கிறது. இதைக் கேட்டு என்ன செய்யப்போகிறார் என்ற கேள்விக்குப் பதில் இல்லாத ஆளிடம் சொல்லவேண்டிய தேவையே இல்லை.

மத்தேயு 18:15-17 தரும் வரிசை எல்லாருக்கும் தெரியும்: முதலில் தனியாக, பிறகு ஒருவர் இருவரோடு, அப்புறம் சபைக்கு. அந்த வரிசை எதற்குப் பொருந்தாது என்பது பலருக்குத் தெரியவில்லை. அது சகோதரருக்கிடையே நேர்ந்த குற்றத்துக்கானது. ஊரறியச் செய்த தவறுக்கு, அந்தியோகியாவில் பவுல் பேதுருவை எல்லாருக்கும் முன்பாகவே கண்டித்துக் கேட்டார் (கலாத்தியர் 2:14). பிள்ளைகளுக்கு நேரும் கொடுமையில் இந்த வரிசையைப் பிடித்துக்கொண்டு, பாதிக்கப்பட்டவரைக் கெடுத்தவன் முன் தனியாகப் போய்ப் பேசச் சொல்வது மகா பாதகம். அங்கே செய்யவேண்டியது வேறு: பிள்ளை சொன்ன வார்த்தைகளைப் பிள்ளையின் வார்த்தைகளிலேயே தேதியோடு எழுதிவையுங்கள். தோண்டித் தோண்டிக் கேட்காதீர்கள், "அவர்தானே செய்தார்?" என்று பதிலை வாயில் ஊட்டாதீர்கள், பின்னால் அந்தச் சாட்சியமே பலவீனமாகும். குற்றம்சாட்டப்பட்டவரை எச்சரிக்காதீர்கள். அன்றைக்கே காவல்துறைக்கோ குழந்தைகள் பாதுகாப்பு அதிகாரிகளுக்கோ சொல்லுங்கள். சபையின் நற்பெயர் கெடுமே என்பவர்களுக்கு இந்த இடத்தில் பேச உரிமை இல்லை.

1977 முதல் எல் சால்வடார் நாட்டின் தலைநகரான சான் சால்வடாரின் பேராயராக இருந்த ஆஸ்கர் ரொமேரோவின் ஞாயிறு மறையுரைகளை இதற்காகவே கவனிக்கவேண்டும். வேதவசன விளக்கத்தோடு, அந்த வாரம் யார் கொல்லப்பட்டார்கள், யார் காணாமல் போனார்கள் என்று பெயர்களோடு சொல்வார். அந்தத் தகவல்களுக்குப் பின்னால் மறைமாவட்டத்தின் சட்ட உதவி அலுவலகம் குடும்பங்களிடம் திரட்டிய வாக்குமூலங்கள் இருந்தன. வானொலியில் நாடே கேட்டது. 1980 மார்ச் 24 அன்று, திருப்பலி நிறைவேற்றிக்கொண்டிருந்தபோது அவரைச் சுட்டுக் கொன்றார்கள். தைரியத்தைப் புகழ்கிறவர்கள் அந்த அலுவலகத்தின் உழைப்பை மறந்துவிடுகிறார்கள்.

விசுவாசத்தைப் பற்றி யாராவது கேட்டால், 1 பேதுரு 3:15 சொல்வது "சாந்தத்தோடும் வணக்கத்தோடும்". ஆயத்தமாயிருங்கள் என்றும் அதே வசனம் சொல்கிறது. அதாவது முன்கூட்டியே யோசித்திருக்கவேண்டும். ஏன் விசுவாசிக்கிறேன் என்பதை ஐந்து வாக்கியத்தில், சபைக்குள் மட்டும் புழங்கும் சொற்கள் இல்லாமல், எழுதிப் பாருங்கள். "இரட்சிக்கப்பட்டேன்" என்று எழுதினால் அடித்துவிட்டு, நடந்தது என்ன என்று எழுதுங்கள். துன்பம் ஏன் என்று கேட்டவருக்குப் படைப்பைப் பற்றி விளக்கவேண்டாம். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லி, ஒரு நாள் குறித்து, அந்த நாளில் திரும்பப் போங்கள்.

கடைசியாக வாட்ஸ்அப். எங்கோ சபை எரிக்கப்பட்டது என்று ஒரு படம் வந்தால், எந்த ஊர், எந்தத் தேதி, முதலில் வெளியிட்டது யார் என்று மூன்றையும் தேடுங்கள். ஒன்று கிடைக்காவிட்டாலும் அனுப்பாதீர்கள். பழைய படமும் வேறு நாட்டுப் படமும் ஓடிக்கொண்டே இருப்பதால், உண்மையாகவே எரிந்த சபையின் அழுகுரலையும் ஜனங்கள் நம்ப மறுக்கிறார்கள். தெரியாமல் அனுப்பிவிட்டிருந்தால், சத்தமில்லாமல் அழித்துவிட்டால் தீராது. அதே குழுவில், "நேற்று நான் அனுப்பிய படம் தவறானது, மன்னியுங்கள்" என்று உங்கள் பெயரிலேயே எழுதுங்கள். வேறு குழுக்களுக்கும் அனுப்பியிருந்தால் அங்கேயும்.