டிஓ 30

பிப்ரவரி 3, செவ்வாய்

நுண்ணுயிர் வளர்க்கும் ஃபெர்மென்டர் கலன் இன்று முதல் எங்கள் குழுவுக்கு. துறைக்கே இருப்பது ஒன்றுதான், 5 லிட்டர். ஒரு வாரத்தில் அடுத்த குழுவிடம் கொடுத்துவிட வேண்டும். 121 டிகிரியில் ஸ்டெரிலைஸ் செய்து முடித்தோம். குளுக்கோஸைத் தனியாகத்தான் ஆட்டோகிளேவில், அழுத்த நீராவியில், வைத்தேன். மற்றதோடு சேர்த்து வைத்தால் பழுப்பேறிவிடும்.

அப்பாவுக்கு ரத்தத்தில் ஆக்சிஜன் 91 சதவீதம்.

பிப்ரவரி 4, புதன்

90. "நீ படி, இங்கே நான் பாத்துக்கறேன்" என்கிறான் அண்ணன்.

பிப்ரவரி 5, வியாழன்

இரவு 11. லேபில் ஆராய்ச்சி மாணவி அக்காவும் நானும் மட்டும். மாலை 4 மணிக்கு இனாக்குலம், அதாவது தொடக்க ஈ.கோலை பாக்டீரியா, விட்டோம். செல் அடர்த்தியைக் காட்டும் ஓடி 0.1-இல் தொடங்கி இப்போது 6.

ஈ.கோலைக்குத் தீனி போடுவது பெரிய விஷயமே இல்லை. குளுக்கோஸ் எவ்வளவு போட்டாலும் கரையும். ஆக்சிஜன்தான் கரையமாட்டேன் என்கிறது. 37 டிகிரியில் காற்றை எவ்வளவு ஊதினாலும் லிட்டர் தண்ணீரில் 7 மில்லிகிராம்கூடத் தங்காது. ஒரு லிட்டர் காற்றிலோ அதைப்போல் சுமார் 40 மடங்கு இருக்கிறது. குமிழி நிறைய வைத்துக்கொண்டு பக்கத்திலேயே மிதக்கிறது, செல் மூச்சுக்குத் தவிக்கிறது. இடையில் இருப்பது மெல்லிய நீர்ப்படலம். மூன்றாம் ஆண்டுத் தேர்வில், ஆக்சிஜன் எவ்வளவு வேகமாக நீருக்குள் போகும் என்ற கேஎல்ஏ கணக்கைச் சரியாகத்தான் போட்டேன், மதிப்பெண்ணும் வாங்கினேன். அப்போது இது புரியவில்லை. குமிழியை உடைத்துப் பொடியாக்கினால் பரப்பு கூடும், அதற்காகத்தான் இவ்வளவு வேகமாகக் கலக்குகிறோம். நிமிடத்துக்கு 400 சுற்று, டிஓ, அதாவது கரைந்த ஆக்சிஜன் சதவீதம், 18. 600, டிஓ 24. 700, டிஓ 31. 30-க்குக் கீழே விடக்கூடாது.

அப்பா 89. மாஸ்க்கை மாற்றியிருக்கிறார்களாம். என்ன மாஸ்க் என்று அண்ணனுக்குச் சொல்லத் தெரியவில்லை.

பிப்ரவரி 6, வெள்ளி

என் தவறு. விடியற்காலை நுரை பொங்கி மேலே ஏறியது. பயத்தில் ஆன்டிஃபோமை அதிகமாக விட்டுவிட்டேன். நுரை அடங்கியது, கூடவே சின்னக் குமிழிகளெல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகிவிட்டன. டிஓ 31-இலிருந்து 9. சுற்றை எவ்வளவு கூட்டியும் மீளவில்லை. மூச்சில்லாவிட்டால் செல்கள் அசிட்டிக் அமிலத்தை, அதாவது அசிடேட்டைக் கக்கும், பிறகு அந்த அசிடேட்டே அவற்றின் வளர்ச்சியைத் தடுக்கும். பிஎச்சைப் பிடித்து நிறுத்தக் காரம் போய்க்கொண்டே இருந்தது.

அக்கா திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

பிப்ரவரி 7, சனி

88.

பிப்ரவரி 8, ஞாயிறு

இரண்டாவது ஓட்டம். நாள் முழுக்க கழுவல், மறுபடி ஸ்டெரிலைஸ். ஆன்டிஃபோமைச் சொட்டுச் சொட்டாக எண்ணித்தான் விடப்போகிறேன்.

ஊருக்குப் போகட்டுமா என்று கேட்டேன். அம்மா ஃபோனை அண்ணனிடம் கொடுத்துவிட்டார்.

பிப்ரவரி 9, திங்கள்

அதிகாலை 2.40. டிஓ 30-இலேயே நின்றிருந்தது சட்டென்று ஏறியது. 45, 60, 82. "அக்கா, ஏறுது!" என்று கத்திவிட்டேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, குளுக்கோஸ் செலுத்தும் ஃபீட் பம்பைத் தட்டினார். "குளுக்கோஸ் தீர்ந்துபோச்சு. செல் மூச்சு விடறத நிறுத்திருச்சு, அதான் ஆக்சிஜன் மிஞ்சுது."

ஃபீட் உள்ளே போனதும் கோடு மளமளவென்று இறங்கி 30-இல் நின்றது. அந்த இறக்கத்தைப் பார்த்த பிறகுதான் உட்கார்ந்தேன்.

பிப்ரவரி 10, செவ்வாய்

காலை 6.10, அண்ணன் ஃபோன். 96 என்றான், சந்தோஷமாக.

எதனால் ஏறியது என்று கேட்டேன். என்ன கேட்கிறாய் என்றான். அப்பா மூச்சை நீ பார்த்தாயா, நெஞ்சு ஏறி இறங்குகிறதா, பக்கத்தில் போய்ப் பார் என்றேன்.

போயிருக்கிறான். ஃபோன் கட்டாகவில்லை.